படத்தருகே ஒரு மனிதர்

1978-ல் வங்கி என்னைக் கல்கத்தாவுக்கு மாற்றியது. அப்படி வந்து இறங்கும் தமிழ்ப் பையன்களுக்கெல்லாம் லேக் மார்க்கெட்தான் தாய்வீடு. வாழையிலை, முருங்கைக்காய், காப்பிப்பொடி, கட்டிய பூ எல்லாம் அங்கே கிடைக்கும். ராஷ்பிஹாரி அவென்யூவில் கோமளவிலாஸ் இருந்தது; நாக்குக்குக் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பகல்தான் நீண்டு கிடக்கும். அந்தப் பகல்களைக் கழிக்கப் போய்த்தான் இந்த ஊரின் கலைக்கூடங்களோடு எனக்குப் பழக்கம் உண்டாயிற்று. அன்று அவை எப்படி இருந்தன, இன்று எப்படி இருக்கின்றன என்பதைச் சேர்த்து வைத்துச் சொல்ல எனக்கு நெடுநாள் ஆசை.

முதலில் இந்தியன் மியூசியம். ஊர்க்காரர்களுக்கு அது ஜாதுகர். 1814-ல் ஆசியச் சங்கம் அதைத் தொடங்கியது. டென்மார்க்கில் பிறந்த தாவரவியலாளர் நதானியேல் வாலிச் அதன் முதல் பொறுப்பாளர். சௌரங்கியில் இப்போதிருக்கும் வெள்ளைக் கட்டடம் 1878-ல் திறக்கப்பட்டது. நான் போன நாட்களில் மெட்ரோ ரயிலுக்காகச் சௌரங்கி முழுவதும் தோண்டிக் கிடந்தது. பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் நடந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஜனவரியில் கங்காசாகரில் முழுக்குப் போட்டுவிட்டு வரும் கிராமத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வரிசையில் நிற்பார்கள். உள்ளே போனதும் எல்லாக் கால்களும் எகிப்திய மம்மி இருக்கும் பக்கம்தான் போகும். மம்மியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட பாட்டிகளை நான் கண்டிருக்கிறேன். அதன்பின் எலும்புக்கூடுகள், அதன்பின் வாசல்.

கீழ்த்தளத்திலேயே பார்ஹுத் கூடம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் தொல்லியல் ஆய்வாளர் கன்னிங்காம் 1873-ல் கண்டெடுத்த பௌத்த ஸ்தூபியின் செந்நிறக் கல்வேலி, வாயில் தூண்களோடு இங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. அதில் ஒரு வட்டத்துக்குள் செதுக்கிய காட்சி என்னைப் பிடித்து நிறுத்தியது. ஒரு மாட்டுவண்டி வந்து நிற்கிறது. மாடுகளை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். ஆட்கள் குனிந்து உட்கார்ந்து, சதுரச் சதுரமாக எதையோ தரையில் பரப்புகிறார்கள், தளவோடு பதிக்கிற மாதிரி. பக்கத்தில் மரங்கள். ஒருவர் கையில் நீர்க்கெண்டி.

அது ஜேதவனம் விலைபோன கதை. தோப்பின் தரை முழுவதையும் காசால் மூடினால்தான் தருவேன் என்று தோப்புக்காரனான இளவரசன் ஜேதன் சொல்ல, அனாதபிண்டிகர் என்ற வணிகர் வண்டி வண்டியாகக் காசு கொண்டுவந்து பரப்பி, தோப்பை வாங்கிப் புத்தருக்குத் தானம் கொடுக்கிறார். அந்தச் சதுரங்கள் நாணயங்கள். நாள் முழுவதும் பணம் எண்ணும் வேலை பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கதை எவ்வளவு நெருங்கியிருக்கும்! ஆனால் அது தெரிய எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்தக் கூடத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காவலர் உட்கார்ந்திருப்பார். கல்லைத் தொடாதே என்பதற்கு மேல் அவர் பேச்சு போகாது. பேசும்படி அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

இதில் என் மனத்தை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. பார்ஹுத் சிற்பங்களில் பலவற்றின் பக்கத்தில், இது இன்ன கதை என்று செதுக்கியவர்களே பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஜேதவனக் காட்சியிலும் அந்த வரி உண்டு. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், வழிப்போக்கனாக வந்து பார்க்கிறவனுக்குப் புரிய வேண்டுமே என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டு கழித்து, அதே கல்லை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லாமல் இருந்தது.

அகாடமி ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் வேறு மாதிரி. 1933-ல் தொடங்கிய அமைப்பு. லேடி ராணு முகர்ஜி வளர்த்தெடுத்தது. கதீட்ரல் ரோட்டில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தை ஒட்டி அதன் கட்டடம். பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்தால் இரவு எட்டு வரை காட்சிக்கூடங்கள் திறந்திருக்கும். டிக்கெட் கிடையாது, யார் நீ என்று கேட்கவும் மாட்டார்கள். வாரத்துக்கு வாரம் சுவரில் படங்கள் மாறும். பக்கத்திலேயே நாடக அரங்கம். நாடகத்துக்கு டிக்கெட் வாங்கியவர்கள் மணியடிக்கும்வரை படம் பார்ப்பார்கள். படம் பார்க்க வந்தவர்கள் வெளியே மண்குவளையில் டீ குடித்துக்கொண்டு நாடகத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

அந்த நாட்களில் கல்கத்தாவில் மின்வெட்டு இல்லாத சாயங்காலம் அபூர்வம். ஒரு நாள் நான் கூடத்துக்குள் நின்றுகொண்டிருந்தபோது விளக்கு போயிற்று. யாரும் வெளியேறவில்லை. இருட்டில் யாரோ தீக்குச்சி கிழித்தார்கள். படங்களை வரைந்தவரே அங்கே இருந்தார். ஐம்பது வயது இருக்கும், கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை. பையிலிருந்து மெழுகுவத்தி எடுத்துக் கொளுத்தி, மெழுகு படத்தின் மேல் சொட்டாமல் உள்ளங்கையை ஏந்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படமாக எங்களை அழைத்துப் போனார். பெரும்பாலும் மீன் சந்தைப் படங்கள். அரிவாள்மணையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள், செதில், ஈரத் தரை. "இந்த ஈரத்தைப் பாருங்கள் தாதா, இதற்கு நான் வெள்ளையே போடவில்லை" என்று சொல்லி வத்தியைக் கிட்டே கொண்டுபோனார். ஈரம் மினுங்கியது. கொஞ்சம் பச்சை, கொஞ்சம் காவி, நடுவே வெறும் காகிதம். அவ்வளவுதான். வெறும் காகிதத்தை விட்டு வைத்ததால் வந்த மினுக்கம் அது. ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்பதை நான் அந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் கற்றுக்கொண்டேன்.

அவர் பெரிய பெயர் எடுத்தவர் அல்ல. கணேஷ் பைன், பிகாஷ் பட்டாச்சார்யா போன்றவர்கள் ஓங்கி நின்ற காலம் அது. ஆனால் பெயர் பெற்றவரோ பெறாதவரோ, கண்காட்சி நடக்கும்வரை வரைந்தவர் தன் படத்தருகே நிற்பது அங்கே வழக்கம். கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சிலர் சொல்வார்கள். அந்த ஊரின் கலைக்கல்வி பாதி அங்கேதான் நடந்தது என்பேன். லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், சதர்ன் அவென்யூவில் 1967-ல் திறந்த பிர்லா அகாடமியும் இருந்தது. அங்கே அமைதி அதிகம், பேச்சு குறைவு. நான் கால் போன போக்கில் போனது கதீட்ரல் ரோட்டுக்குத்தான்.

அதற்கு வெகுகாலம் முன்பே, சுவரில் எந்தப் படம் தொங்க வேண்டும் என்பதற்கு வீதியில் இறங்கிச் சண்டை போட்ட ஊர் அது. ஈ. பி. ஹேவல் என்ற ஆங்கிலேயர் சென்னைக் கலைப்பள்ளியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1896-ல் கல்கத்தா கலைப்பள்ளிக்குத் தலைவராகப் போனார். பள்ளியோடு சேர்ந்திருந்த அரசுக் கலைக்கூடத்தில் ஐரோப்பியப் படங்களைக் குறைத்து, முகலாயச் சிற்றோவியம் முதலான நம் நாட்டுக் கலையைக் கொண்டுவர முனைந்தார். எங்களுக்கு மேலைக் கலை கற்க வழியில்லாமல் செய்கிறார் என்று மாணவர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். ஒரு சாரார் வெளியேறினார்கள். ரணதா பிரசாத் குப்தா 1897-ல் ஜூபிலி கலைப்பள்ளியைத் தனியே தொடங்கினார். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். கலைக்கூடத்தில் என்ன இருக்கிறது என்பது ஊர்க் கவலையாக இருந்தது, அதைத்தான் நான் மதிக்கிறேன்.

1922 டிசம்பரில் இன்னொன்று நடந்தது. இந்திய ஓரியண்டல் கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில், ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியிலிருந்து வந்த படங்களை மாட்டினார்கள். காண்டின்ஸ்கி, பால் க்ளே, ஃபைனிங்கர், இட்டன். அவற்றோடு அதே கண்காட்சியில் ககனேந்திரநாத் தாகூரின் கியூபிசப் பாணி ஓவியங்களும். சாந்திநிகேதனில் கற்பித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் இட்டனுக்குக் கடிதம் எழுதி இதற்கு ஏற்பாடு செய்தார். உலகப் போர் முடிந்து நான்கே ஆண்டில், கடல் கடந்து வந்த புத்தம்புதுக் கலையைக் கல்கத்தாக்காரர்கள் தங்கள் ஊர்ப் படங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் நமக்கும் பங்குண்டு. வங்கத்திலிருந்து வந்து 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியை நடத்தியவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலை அவர் கைவேலை.

இனி இன்றைய நிலை.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்துவிட்ட பிறகும் கொல்கத்தாவுக்கு அடிக்கடி போய்வருகிறேன். தோண்டிக் கிடந்த சௌரங்கியின் அடியில் 1984-லிருந்து ரயில் ஓடுகிறது. பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் படியேறி வெளியே வந்தால் மியூசியம் நடை தூரம். இருநூறாம் ஆண்டையொட்டி 2013-ல் சில மாதம் மூடிச் செப்பனிட்டு, 2014 பிப்ரவரியில் திறந்தார்கள். கூடங்களில் விளக்கு நன்றாகப் போட்டிருக்கிறார்கள். பார்ஹுத் சிற்பத்தின் மடிப்புகள் இப்போது கண்ணுக்குத் தெரிகின்றன. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிலரங்கு, பெரியவர்களுக்குச் சொற்பொழிவு, தற்காலிகக் கண்காட்சி என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு அதிகம் மகிழ்ச்சி தந்தது டல்ஹௌசி சதுக்கத்தின் பழைய கரன்சி கட்டடம். என் வங்கிக் கிளையிலிருந்து கூப்பிடு தூரம். 1833-ல் கட்டியது, 1868-லிருந்து அரசின் கரன்சி அலுவலகம். நான் பார்த்த நாளில் கோப்புக் கட்டுகளும் ஒட்டடையுமாக இருந்தது. 1990-களில் அதை இடித்துவிட்டு உயரமான கட்டடம் எழுப்பத் தொடங்கினார்கள். நடுக்கூடத்தின் குவிமாடங்கள் போயின. அதற்குள் எதிர்ப்பு எழுந்து, கடப்பாரை நின்றது. தொல்லியல் துறை அதை ஏற்றுக் காப்பாற்றியது. குவிமாடம் போன இடம் இன்று வானம் தெரியும் முற்றம். 2020 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்தபோது, வங்கக் கலையின் இரண்டு நூற்றாண்டுகளைச் சொல்லும் 'கரே பாய்ரே' கண்காட்சி அங்கே தொடங்கியது. டிஏஜி என்ற தனியார் கலை நிறுவனம் தொல்லியல் துறையோடு சேர்ந்து நடத்தியது.

அங்கே கண்டது இது. யாமினி ராயின் ஓவியம் ஒன்றின் முன்னால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அவர்கள் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். படத்தின் பெயரையோ வரைந்தவர் பிறந்த ஆண்டையோ அவர் சொல்லவில்லை. "இந்த அம்மாவின் கண்ணை ஒரே கோட்டில் போட்டிருக்கிறார். கையை எடுக்காமல் நீங்களும் காற்றில் போடுங்கள்" என்றார். பிள்ளைகள் விரலை நீட்டிக் காற்றில் மீன் வடிவக் கண்ணை வரைந்தார்கள். ஒரு பையன் பாதியில் நிறுத்தி, "முனையில் கோடு தடிக்கிறதே, எப்படி?" என்று கேட்டான். தூரிகையை அழுத்தினால் தடிக்கும், தளர்த்தினால் மெலியும் என்று அவர் தன் துப்பட்டா நுனியைத் திருகிக் காட்டினார். அடுத்த கால் மணி நேரம் அந்தப் பிள்ளைகள் மற்ற படங்களிலெல்லாம் தடித்த கோட்டையும் மெலிந்த கோட்டையும் தேடிக்கொண்டு ஓடினார்கள். என் இருபது வயதில் ஜாதுகரில் கிடைக்காதது அந்தப் பையனுக்குப் பத்து வயதில் கிடைத்துவிட்டது. இதைவிடப் பெரிய முன்னேற்றம் ஒரு கலைக்கூடத்துக்கு வேறென்ன வேண்டும்?

விக்டோரியா மெமோரியலும் மாறியிருக்கிறது. எழுபதுகளில் தோட்டத்துக்குத்தான் கூட்டம். உள்ளே வைஸ்ராய்களும் மகாராணியும், ஜெய்ப்பூர் ஊர்வலத்தைக் காட்டும் வெரெஷ்சாகினின் பிரம்மாண்டமான எண்ணெய் ஓவியமும். இன்று அபனீந்திரநாத், ககனேந்திரநாத் உட்பட தாகூர் வீட்டார் வரைந்த படங்கள் கொண்ட ரவீந்திர பாரதி சொசைட்டியின் சேகரிப்பு அதன் பொறுப்பில் இருக்கிறது. 1905-ல் அபனீந்திரநாத் வரைந்த 'பாரத மாதா' அதில் ஒன்று. ராணியின் பளிங்கு மண்டபத்தில் சுதேசி இயக்கத்தின் படம்! ஜனவரி மாதங்களில் இலக்கிய விழாவும் அங்கே நடந்திருக்கிறது. எழுத்தாளர் பேச்சைக் கேட்க வந்தவர்கள் படங்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். 2021-லிருந்து டிஏஜி நிறுவனத்தார் 'நகரமே அருங்காட்சியகம்' என்ற பெயரில் கலைஞர்கள் வாழ்ந்த வீடுகளுக்கும் பழைய தெருக்களுக்கும் ஜனங்களை அழைத்துப் போகிறார்கள். 2024 கடைசியில் முதல் பெங்கால் பியனாலே கலைவிழா சாந்திநிகேதனிலும் கொல்கத்தாவிலுமாக நடந்தது. துர்கா பூஜைப் பந்தல்களைச் சொல்லவே வேண்டாம். கலைப்பள்ளியில் படித்தவர்கள் வடிவமைக்கும் பந்தல்களை ராத்திரி முழுக்க நடந்து பார்க்கிற ஊர் அது. 2021-ல் யுனெஸ்கோ துர்கா பூஜையைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. கங்கையில் கரைக்காமல் எடுத்துவைத்த சில துர்கைச் சிலைகளை ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் ஒரு கூடத்தில் வைத்திருக்கிறார்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போகலாம்.

இத்தனைக்கும் நடுவில் வருத்தப்பட வேண்டியவையும் இருக்கின்றன. நான் மனதார நேசிக்கும் ஊர் என்பதால் அதையும் சொல்லியாக வேண்டும்.

நிகழ்ச்சி முடிந்தால் பேச்சும் முடிந்துவிடுகிறது. 'கரே பாய்ரே' இரண்டு ஆண்டு நிறைவதற்குள் முடிந்தது. நடுவில் கொரோனா வேறு. அந்தப் பெண் உட்கார்ந்து பேசிய சுவர் காலியானது. திருவிழாக் காலத்தில் ஒரு படத்தருகே மூன்று பேர் பேசுகிறார்கள். திருவிழா போன மறுநாள் பழையபடி ஸ்டூலும் காவலரும்தான். வரைந்தவர் படத்தருகே நிற்கும் வழக்கமும் குறைந்துவிட்டது. திறப்பு விழா மாலையில் வருகிறார், படம் எடுத்துக்கொள்கிறார்கள், அடுத்த நாள் அவரைக் காணோம்.

அதைவிடப் பெரிய துயரம் ஜோகாவில் இருக்கும் குருசதய் மியூசியம். ஐ.சி.எஸ். அதிகாரியாக வங்க மாவட்டங்களைச் சுற்றிய குருசதய் தத், ஏழைப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கித் தைத்த காந்தா துணிகளையும், சுருள் ஓவியங்களையும், மரப் பொம்மைகளையும் ஊர் ஊராகச் சேகரித்தார். 1963-ல் திறந்த மியூசியம். 2017-ல் மத்திய ஜவுளி அமைச்சகம் உதவித்தொகை ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. சம்பளமில்லாமல் ஊழியர்கள் தவித்தார்கள். பெயர் தெரியாத பெண்கள் நூலும் ஊசியுமாக வரைந்த உலகத்தைக் காக்க மாதச் சம்பளம் கொடுக்க முடியாத நாட்டில், ராஜர்ஹாட்டில் பெரிய நவீனக் கலை அருங்காட்சியகம் கட்ட 2013-ல் அடிக்கல் நாட்டினார்கள். ஹெர்சாக் – டி மியூரான் என்ற உலகப் புகழ் பெற்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் வரைபடம் தந்தார்கள். கட்டடம் எழும்பவில்லை.

புதுக் கட்டடம் வராததில் எனக்குப் பெரிய குறையில்லை. இருக்கும் கட்டடங்களில் பேச ஆள் வேண்டும் என்பதே என் கவலை. வங்கத்துக்கு இது புதிதும் அல்ல. மேற்கு மேதினிபூர் மாவட்டத்து நயா கிராமத்துச் சுருள் ஓவியர்களான பட்டுவாக்களைப் பாருங்கள். சந்தைகளிலும் கைவினை விழாக்களிலும் அவர்கள் சுருளைப் பிரிப்பதை நின்று பார்த்திருக்கிறேன். பட்டுவா பெண் ஒரு கையால் சுருளைப் பிடித்து, கட்டம் கட்டமாக இறக்குவார். மறு கையின் சுட்டுவிரல் அந்தந்த உருவத்தைத் தொடும்; வாய் அந்தக் கதையைப் பாடும். மனசா தேவி கதையாகவும் இருக்கும், சுனாமி கதையாகவும் இருக்கும். பாட்டு இல்லாமல் அந்தப் படத்தை அவர்கள் காட்டுவதே இல்லை. படமும் அதைச் சொல்லும் குரலும் சேர்ந்தால்தான் கலை முழுமை என்று பரம்பரையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அந்தச் சுட்டுவிரலில் இருக்கிறது.

இதை நம் ஊருக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1906 ஜனவரியில் இந்தியாவைச் சுற்றிவந்த இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ், கல்கத்தாவிலும் சென்னையிலும் விக்டோரியா நினைவு மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார். எழும்பூரில் செங்கல்லும் சிவப்புக் கல்லுமாக 1909-ல் திறந்த அந்த மண்டபம்தான் 1951-ல் தேசியக் கலைக்கூடம் ஆனது. அதைப் பல ஆண்டுகள் பூட்டியே வைத்திருந்தோம். பக்கத்தில் உலகமே வியக்கும் சோழர் செப்புத் திருமேனிகள். அவற்றின் முன் நிற்கும் பள்ளிப் பிள்ளையிடம், நடராசரின் தூக்கிய காலை, முயலகனை, சுடர் வட்டத்தைச் சொல்ல அன்றாடம் ஒரு குரல் வேண்டும்.

செலவு பெரிதல்ல. கலைக்கல்லூரி மாணவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து வாரம் மூன்று நாள் ஒரே கூடத்தில் நிற்கச் சொல்லலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சந்தோஷமாக வருவார்கள். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் காவலருக்கு அந்தக் கூடத்தின் பத்துக் கதைகளைச் சொல்லிக் கொடுத்தால், அவரைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. நாள் முழுதும் அந்தப் படங்களோடு இருப்பவர் அவர். காசி, கயா பார்த்துவிட்டுப் பேருந்து பேருந்தாக நம் ஜனங்கள் கொல்கத்தாவுக்கு வருகிறார்கள். காளிகாட், தட்சிணேஸ்வரம், விக்டோரியா வாசலில் ஒரு போட்டோ, ஜாதுகரில் மம்மி என்று சுற்றிவிட்டு ரயில் ஏறுகிறார்கள். பார்ஹுத் கூடத்தில் ஜேதவனக் கதையைத் தமிழில் சொல்ல ஒருவர் இருந்தால் அந்தப் பாட்டிகள் அரை மணி நேரம் அசைய மாட்டார்கள். தானம் கொடுக்கத் தரையெல்லாம் காசு பரப்பிய மனிதனின் கதை அவர்களுக்குப் புரியாமல் போகுமா? அடுத்த முறை நான் கொல்கத்தா போகும்போது, அந்த வேலைக்கு என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மியூசிய அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். லேக் மார்க்கெட்டில் குடியிருக்கும் தமிழர்களும் ஆளுக்கு ஒரு ஞாயிறு என்று முன்வந்தால், வருஷம் முழுவதும் அந்தக் கூடத்தில் தமிழ் கேட்கும்.